தா புரோம்: வேரை விட்டுச் சுவரைப் பாருங்கள்

கம்போடியாவின் அங்கோரில் உள்ள தா புரோம் கோயிலுக்குக் கேமராவோடு போகிறவர்கள் பெரும்பாலும் வேரைத்தான் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். கூரைமேல் ஏறி, சுவரின் இருபுறமும் வேர் இறக்கி நிற்கும் ஸ்பொங் மரங்களை யார்தான் எடுக்காமல் இருப்பார்கள்? நீங்களும் ஒன்றிரண்டு எடுத்துவிடுங்கள். ‘டூம் ரைடர்’ சினிமாவில் வந்த அந்த வாசல் முன்னால் மட்டும் வரிசையில் நிற்காதீர்கள்.

என் விருப்பம் சுவரில் சிலைக்காகக் குடைந்த, இப்போது காலியான மாடங்கள். கெமர் மன்னர் ஏழாம் ஜெயவர்மன் 1186இல் தன் தாய்க்காக எழுப்பிய பௌத்த விகாரை இது. பின்னாளில் சைவம் மேலோங்கியபோது புத்தர் உருவங்களை உளியால் கொத்தி எடுத்துவிட்டார்கள். மாடத்தை உற்றுப் பார்த்தால் அமர்ந்திருந்தவரின் வெளிக்கோடும் உளித்தடமும் தெரியும். மேகமூட்டத்தில் எடுத்தால் அந்தத் தடம் தட்டையாகிக் காணாமல் போகும். கல்லை உரசிக்கொண்டு போகும் வெயில் வேண்டும். கோயில் திறப்பதே காலை 7.30க்குத்தான், அதனால் விடியல் ஒளியை மறந்துவிடுங்கள். உச்சி வெயில் படத்துக்கு ஆகாது என்பார்கள். மாடத்துக்கு அதுதான் ஆகும். சூரியன் தலைக்கு மேலே நிற்கும்போது செங்குத்துச் சுவரை ஒளி மேலிருந்து வருடிக்கொண்டு இறங்கும், ஒவ்வொரு கொத்துக்கும் ஒரு நிழல் விழும். ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் அங்கே சூரியன் நேர் உச்சிக்கே வருகிறது. மரநிழல் விலகும் சில நிமிடங்களுக்காக ஒரே மாடத்தின் முன் காத்திருக்க வேண்டும். குடையும் தண்ணீரும் லென்ஸைவிட முக்கியம்.

வேருக்கும் பாசிக்கும் நேர்மாறான ஒளி தேவை. மழை விட்டதும், வானம் மூடியிருக்கும்போதே எடுங்கள். ஈர இலையும் கல்லும் வெள்ளையாகப் பளபளக்கும். லென்ஸின் முன் மாட்டும் போலரைசர் என்ற வடிகட்டியைத் திருப்பினால் அது அடங்கிப் பச்சை எழும். இலைகளின் ஊடாக வரும் ஒளி எல்லாவற்றையும் பச்சையாக்கிவிடுவதால், பின்னால் நிறத்தைச் சரிசெய்ய அதே இடத்தில் ஒரு சாம்பல் அட்டையையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கறுப்பு வெள்ளையாக மாற்றப் போகிறீர்கள் என்றால் இன்னொரு சிக்கல்: பாசியும் மணற்கல்லும் ஒரே சாம்பலாகக் கலந்துவிடும். மென்பொருளில் பச்சையைக் கொஞ்சம் ஏற்றினால் இரண்டும் பிரியும்.

கேமராவை மட்டம் பார்த்து வையுங்கள். இங்கே சுவர்கள் நிஜமாகவே சாய்ந்திருக்கின்றன. நீங்களும் சாய்த்தால் எது கோயிலின் சாய்வு, எது உங்களுடையது என்று பார்ப்பவருக்குத் தெரியாது. அண்ணாந்து எடுக்காமல் பின்வாங்கி, 50 அல்லது 85 எம்எம் லென்ஸில், லென்ஸ் துளையை எஃப் 11இல் வைத்து எடுப்பேன். கூட்டத்தைக் கரைக்க நீண்ட எக்ஸ்போஷர் உதவும், ஆனால் காற்றில் இலைகளும் சேர்ந்து கரையும். ட்ரைபாடை மரப்பலகை நடைபாதையில் வைத்தால் பக்கத்தில் ஒருவர் நடந்தாலே ஆடும். ட்ரைபாடுக்கும், விற்பனைக்காக எடுப்பதற்கும் உள்ள விதிகளை முதலில் அங்கோர் கோயில்களை நிர்வகிக்கும் அப்சரா ஆணையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அனுமதியின்றி ட்ரோன் பறக்கவிடக் கூடாது.

இரும்பு முட்டுகளும் புதுக்கற்களும் படச்சட்டத்துக்குள் வந்தால் வரட்டும், கணினியில் அழிக்காதீர்கள். பிரெஞ்சுத் தொல்லியலாளர்கள் காடு மூடிய கோலத்திலேயே இதை விட்டுவைத்தார்கள். இப்போது அப்சராவோடு சேர்ந்து சீரமைப்பது நம் இந்தியத் தொல்லியல் துறை. நாட்டியக் கூடத்தைத் திரும்ப நிமிர்த்தியதும் அவர்கள்தான். முட்டு இல்லாத தா புரோம் இன்று கிடையாது.

அச்சுக்கு மேட், அதாவது பளபளப்பில்லாத, பருத்தித் தாள். அதில் கறுப்பு சற்று மங்கலாக விழும் என்பதால் நிழலைத் திரையில் தெரிவதைவிட ஒரு பிடி தூக்கி வைத்து, முதலில் சிறிய அளவில் சோதனை அச்சு எடுங்கள். கடையில் பளபளப்புத் தாள்தான் இருக்கிறது என்றால் வேறு கடை பாருங்கள்.