யாழ்ப்பாண வளவில பூக்கண்டு வைக்கப் போறீங்களோ, முதல்ல கிணத்தைப் பாருங்கோ

பூக்கண்டு வாங்கப் போறதுக்கு முதல் உங்கட கிணத்துத் தண்ணி என்ன மாதிரி எண்டு ஒருக்கா யோசியுங்கோ, ஏன் எண்டால் எங்கட பக்கத்தில கனபேர் கண்டின்ர வடிவைப் பாத்து ஆசைப்பட்டு வாங்கிக்கொண்டு வந்து ரெண்டு மூண்டு மாசத்தில இலை மஞ்சளாகிப் போச்சு, மொட்டுக் கொட்டுது எண்டு கவலைப்படினம், பிறகு எனக்குக் கைராசி இல்லை எண்டு விட்டுவிடினம். கைராசிக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. குடாநாடு சுண்ணாம்புக்கல்லுக்கு மேல கிடக்குது, பெய்யுற மழை அந்தக் கல்லுக்குள்ளால இறங்கித்தான் கிணத்துக்கு வருது, வரேக்கை சுண்ணாம்பையும் கரைச்சுக்கொண்டு வருது. கேத்திலுக்குள்ள வெள்ளையாப் படியுதே, அதேதான் பூச்சாடி விளிம்பிலயும் படியுது, வேரடியிலயும் படியுது. தண்ணியை எங்களால மாத்த ஏலாது, ஆனபடியால் தண்ணிக்கு ஏத்த கண்டைத் தெரிவு செய்யுறதுதான் முதல் வேலை, மிச்சமெல்லாம் அதுக்குப் பிறகுதான்.

வலிகாமத்துச் செம்மண்ணில, அதாவது சுன்னாகம், இணுவில், கோண்டாவில், உரும்பிராய் பக்கம் இருக்கிற ஆக்களுக்குக் கிணறு நல்ல தண்ணியா இருந்தால் மல்லிகை, முல்லை, செவ்வரத்தை, நந்தியாவட்டை, பவளமல்லிகை, கனகாம்பரம் எல்லாம் நிலத்திலயே வைக்கலாம். கொடிகாமம் பக்கமும் வடமராட்சி கிழக்கும் மணல், தண்ணி நிக்காது, எருவும் நிக்காது, அங்கை அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமா எரு போட்டால்தான் சரிவரும். தீவுப் பக்கம், கடற்கரைப் பக்கம் கிணறு சவராக இருந்தால் போராடாதேங்கோ, கடதாசிப்பூவும் பட்டிப்பூவும் வையுங்கோ, ரெண்டும் உப்பையும் வெயிலையும் தாங்கும், கடதாசிப்பூ தண்ணி குறைய விட விடத்தான் கூடப் பூக்கும். அலரியும் தாங்கும் தான், ஆனால் செவ்வலரி, மஞ்சளலரி ரெண்டுமே இலை, பால், விதை எல்லாம் கடும் நஞ்சு, சின்னப்பிள்ளையள் ஓடித்திரியுற வளவில அது வேண்டாம்.

இலை மஞ்சளாகிறதைக் கொஞ்சம் விரிவாச் சொல்ல வேணும், கனபேர் என்னட்டைக் கேக்கிறதும் இதுதான். எக்சோரா, கார்டினியா, ரோசா இந்த மூண்டிலயும் கூடுதலா வரும். புதுசா வாற இலை மஞ்சளா இருக்கும், நரம்பு மட்டும் பச்சையாத் தெரியும். அப்பிடி இருந்தால் அது இரும்புச்சத்துக் குறைபாடு. மண்ணில இரும்பு இல்லாமல் இல்லை, செம்மண்ணின்ர சிவப்பே இரும்பு தானே, ஆனால் சுண்ணாம்பு கூடின இடத்தில அந்த இரும்பை வேரால எடுக்க ஏலாது. இதுக்கு யூரியா போட்டுப் பிரயோசனம் இல்லை. அன்னபேதி, அதாவது இரும்பு சல்பேற்று, 5 கிராம் எடுத்து ஒரு லீற்றர் தண்ணியில கரைச்சு, அதுக்குள்ள கொஞ்சம் தேசிக்காய்ப் புளியும் விட்டு, வெயில் தாழ்ந்த பிறகு இலையில படுற மாதிரி அடியுங்கோ. முதல்ல ஒரு கொப்புக்கு மட்டும் அடிச்சு ரெண்டு நாள் பாருங்கோ, இலை கருகாட்டில் மிச்சத்துக்கும் அடிக்கலாம். கடையில கீலேற் எண்டு விக்கிற இரும்பை மண்ணுக்குப் போடுறதெண்டால் பெட்டியில ஈடிடிஎச்ஏ (EDDHA) எண்டு இருக்குதோ பாத்து வாங்குங்கோ, ஈடிடிஏ (EDTA) எங்கட மாதிரிச் சுண்ணாம்பு மண்ணில நிலைச்சு நிக்காது.

இதில இன்னொரு விசயம். யூரியூப்பில வாற ஆக்கள் எல்லாரும் முட்டைக்கோதைத் தூளாக்கிப் போடுங்கோ, அடுப்புச் சாம்பல் போடுங்கோ எண்டு சொல்லுறினம். அவையின்ர ஊர் மண் புளிச்ச மண்ணா, அதாவது அமிலம் கூடின மண்ணா இருக்கும், அதுக்கு அது சரி. எங்கட மண்ணில சுண்ணாம்பு ஏற்கனவே அளவுக்கு மிஞ்சிக் கிடக்குது, முட்டைக்கோது சுண்ணாம்பு, சாம்பலும் அதே பக்கம் தான் இழுக்கும், அதால எக்சோராவுக்கும் ரோசாவுக்கும் கட்டாயம் போடாதேங்கோ. தேயிலைச் சக்கையை குப்பையோட மக்க வைச்சுப் போடுங்கோ, அது நல்லது.

அப்ப எக்சோரா, ரோசா ஆசைப்படுற ஆக்கள் என்ன செய்யுறது எண்டால், சாடியில வையுங்கோ, மழைத்தண்ணி விடுங்கோ. செம்மண் ஒரு பங்கு, நல்லா மக்கின மாட்டெரு ஒரு பங்கு, தும்புத்தூள் ஒரு பங்கு, தும்புத்தூளை மட்டும் முதல்ல ரெண்டு மூண்டு தரம் தண்ணியில அலசிப் பிழிஞ்சு எடுங்கோ, அதில உப்பு இருக்கும். மழைத்தண்ணிக்கு எங்கை போறது எண்டு கேப்பீங்கள். 100 சதுர மீற்றர் கூரையில 10 மில்லிமீற்றர் மழை பெய்தால் கணக்குக்கு 1000 லீற்றர் தண்ணி, ஐப்பசி கார்த்திகையில அப்பிடி எத்தினை மழை வருது, அதெல்லாம் ஓடி றோட்டுக்குத் தானே போகுது. ஒரு பீலி, ஒரு தாங்கி, அதுக்கு மேல நுளம்பு போகாத வலை, அவ்வளவுதான், ஏழெட்டுச் சாடிக்கு மாசக்கணக்காக் காணும். கிணத்துத் தண்ணி மட்டும் தான் இருக்குது எண்டால் நெடுகலும் சொட்டுச் சொட்டா விடாமல் கீழால வடியுற அளவுக்கு நிறைய விடுங்கோ, சும்மா மேலுக்கு நனைச்சுக்கொண்டிருந்தால் தண்ணி ஆவியாகும், உப்பு அங்கையே கிடக்கும்.

நிலத்தில வைக்கிறதெண்டால் பழைய ஆக்கள் செய்த மாதிரி குழை தாட்டு வைக்கிறதுக்கு மேலான வழி இன்னும் எனக்குத் தெரியாது. ரெண்டடிக் கிடங்கு வெட்டி, பூவரசங்குழை, சீமைக்கிளுவைக் குழை, காய்ஞ்ச பனையோலை எல்லாம் போட்டு, மேல எருவும் மண்ணும் போட்டு மூடி ஒரு மாசம் விடுங்கோ, பிறகு கண்டை நடுங்கோ. சீமைக்கிளுவை இலையில தழைச்சத்து நிறைய, வேலியில சும்மா நிக்குது, காசும் இல்லை. ரசாயன உரத்தை அள்ளிப் போடாதேங்கோ எண்டு நான் சொல்லுறதுக்கு இன்னொரு காரணமும் இருக்குது, எங்கட மண்ணுக்குள்ளால எதைப் போட்டாலும் கிணத்துக்குத்தான் இறங்கும், குடாநாட்டுக் கிணறுகளில உரத்தில இருந்து இறங்குற நைத்திரேற்று கூடிக்கிடக்கிறது தெரிஞ்ச விசயம், அந்தத் தண்ணியைத்தான் நாங்கள் குடிக்கிறம். பூவுக்காக அதைக் கெடுக்க வேண்டாம்.

சாடி வைக்கிற இடம் காத்தைப் பொறுத்தது. வைகாசிக்குப் பிறகு சோளகம், அதாவது தென்மேற்குக் காத்து, வீசத் தொடங்கினால் புரட்டாதி மட்டும் விடாது, ஈரம் எல்லாத்தையும் உறிஞ்சிப்போடும், இலை ஓரம் கருகும், மொட்டு கொட்டும். வீட்டின்ர கிழக்குப் பக்கத்தில, வடகிழக்கு மூலையில வைச்சால் வீடே காத்தை மறைக்கும், காலமை வெயில் கிடைக்கும், பின்னேர வெயில் படாது. அந்தூரியம், ஓர்கிட் வைச்சிருக்கிற ஆக்களுக்கு இது இல்லாமல் சரிவராது, தெற்கு மேற்குப் பக்கத்தில ஒரு கிடுகு வேலியும் போட்டால் இன்னும் நல்லம். வாடைக்காத்து மழையோட வரேக்கை மட்டும் அதே சாடியளைத் தாழ்வாரத்துக்குள்ள தள்ளுங்கோ. 2020 டிசம்பரில புரெவிப் புயல் வந்தநேரம் போல வெள்ளம் நிண்டால் மல்லிகை வேர் அழுகிப்போகும், அதால பாத்தியை நிலமட்டத்தை விட அரையடி உயத்திப் போடுறது, சாடியைக் கல்லுக்கு மேல வைக்கிறது, இந்த ரெண்டையும் மழைக்கு முதலே செய்துபோடுங்கோ.

எந்த மாசம் என்ன செய்யுறது எண்டது எனக்குப் பிடிச்ச பகுதி, ஏன் எண்டால் எங்கட பூ முழுக்கக் கோயிலோடயும் திருநாளோடயும் சேர்ந்தது. நல்லூர்த் திருவிழா 25 நாள், ஆடி ஆவணியில வரும், அந்தநேரம் பூ விலை சொல்லத் தேவையில்லை. மேரிகோல்ட் விதை போட்டு ரெண்டு மாசத்தில பூக்கத் தொடங்கும், ஆனபடியால் வைகாசி நடுப்பகுதியில, இல்லாட்டில் கொஞ்சம் பிந்தி விதையுங்கோ, கண்டு அரையடி வந்ததும் நுனியைக் கிள்ளுங்கோ, பக்கக் கொப்பு வைக்கும், சோளகத்துக்கு விழாமல் ஒரு தடி ஊண்டிக் கட்டுங்கோ. ஒரு மாசம் பிந்தி இன்னொரு பாத்தி போட்டால் நவராத்திரிக்கும் வீட்டிலயே பூ இருக்கும், ஒன்பது நாளும் விதம் விதமா வைக்கிற அந்தச் சந்தோசம் கடைப்பூவில கிடையாது.

மல்லிகைக்கு மார்கழிக் கடைசியில, மழை ஓய, ஒண்டரை அடி உயரம் விட்டு மிச்சத்தை வெட்டிப்போடுங்கோ. கனபேருக்கு மனம் வராது, நல்லாப் படர்ந்து நிக்கிற கொடியை ஏன் வெட்டுவான் எண்டு யோசிப்பினம், ஆனால் மல்லிகை புதுத் துளிரில தான் மொட்டு வைக்கும், வெட்டாமல் விட்டால் கொடி மட்டும் தான் நீளும். வெட்டி எருப் போட்டால் சித்திரை வைகாசியில பாருங்கோ, பின்னேரம் நாலு மணிபோல ஒரு சின்னப் பனையோலைப் பெட்டியோட போய் வெள்ளையா முத்தின மொட்டாப் பாத்து ஆய்ஞ்சு, முத்தத்தில இருந்து அம்மாவும் பிள்ளையளும் கட்டி முடிக்க மொட்டு விரியும், முழு வீடும் மணக்கும். ரோசாவையும் மழை குறைஞ்ச உடன வெட்டுங்கோ, ஆறேழு கிழமையில பூக்கும், ஒட்டுக்குக் கீழால முளைக்கிறதை அப்பப்ப உடைச்சு விடோணும், இல்லாட்டில் அதுதான் வளந்து மேல இருக்கிற நல்ல ரோசா செத்துப்போகும். மலைநாட்டில இருந்து வாற பெரிய பூ ரோசா எங்கட வெக்கையில சிறுக்கும், பன்னீர் ரோசா தான் எங்கட பக்கத்துக்கு நம்பி வைக்கலாம், மணமும் அதுக்குத்தான்.

செவ்வரத்தையில மாப்பூச்சி வெள்ளையா அப்பினால் முதல் வேலை ஹோசால வேகமாத் தண்ணி அடிச்சுக் கழுவுறது, ரெண்டாவது எறும்பை நிப்பாட்டுறது, எறும்பு தான் அதைக் காவிக்கொண்டு போய்க் கொப்புக் கொப்பா விடும். பிறகு வேப்பெண்ணெய் 5 மில்லிலீற்றர் ஒரு லீற்றர் தண்ணிக்கு. எண்ணெய் கலக்கிறதுக்குக் கட்டிச் சவர்க்காரம் போட்டால் கிணத்துத் தண்ணியில திரண்டு நிக்கும், அதால மழைத்தண்ணியில கலக்குங்கோ, இல்லாட்டில் பாத்திரம் கழுவுற லிக்குவிட் நாலைஞ்சு சொட்டு விடுங்கோ. மழைக்கு வாற பெரிய ஆபிரிக்க நத்தையை இரவில ரோர்ச் அடிச்சுப் பொறுக்கி உப்புத்தண்ணி வாளிக்குள்ள போடுங்கோ, கையுறை போட்டுப் பொறுக்குங்கோ, பாத்திக்குள்ள உப்பைக் கொட்டாதேங்கோ, நத்தையோட கண்டும் போயிடும். கட்டாக்காலி மாட்டுக்கும் ஆட்டுக்கும் படலையைச் சாத்துறதை விட வேற மருந்து இல்லை.

சாடிக்குக் கீழ தட்டு வைக்கிற ஆக்கள் கட்டாயம் கவனிக்கோணும், மழைக்குப் பிறகு டிசம்பர் ஜனவரியில தான் எங்கட பக்கம் டெங்கு கூடுறது, தட்டில நிக்கிற கொஞ்சத் தண்ணி நுளம்புக்குக் காணும். கிழமைக்கு ஒருக்கா ஊத்தித் தேய்ச்சுக் கழுவுங்கோ, இல்லாட்டில் தட்டுக்குள்ள மணல் நிரப்புங்கோ.

காசு செலவழிச்சுத்தான் தோட்டம் வைக்கோணும் எண்டில்லை. ஐப்பசி மழை தொடங்க, அயலில நல்ல செவ்வரத்தை நிண்டால் கேட்டு ஒரு கொப்பு வாங்குங்கோ, பென்சில் மொத்தத்தில ஒரு சாண் நீளம், கணுவுக்குக் கீழ சரிவா வெட்டி, இலையைக் கிள்ளி, பாதியைத் தும்புத்தூளும் மணலும் கலந்ததுக்குள்ள ஊண்டி நிழல்ல வைச்சால் ஒரு மாசம், ஒண்டரை மாசத்தில வேர் வரும். மல்லிகைக் கொடியை நிலத்தில வளைச்சு ஒரு கணுவை மண்ணுக்குள்ள தாட்டு மேல கல்லு வைச்சாலே புதுக்கண்டு. அடுக்குச் செவ்வரத்தை, ஒத்தைச் செவ்வரத்தை, வெள்ளை, மஞ்சள் எண்டு ஒவ்வொரு வீட்டில ஒவ்வொண்டு நிக்கும், குடுத்து வாங்கினால் ஒரு வரிசத்தில வேலி முழுக்க நிறமாகும். வாங்கேக்கை ஒண்டு மட்டும் கேளுங்கோ, அவையின்ர கிணத்துத் தண்ணியும் உங்கட மாதிரித்தானோ எண்டு.