டாலர் நோட்டுகள்: புதிதாக வருபவர்கள் கேட்கும் சில கேள்விகள்

அமெரிக்காவில் இப்போது அச்சிடப்படும் நோட்டுகள் 1, 2, 5, 10, 20, 50, 100 டாலர் என ஏழு வகைப்படும். ஏழும் ஒரே நீளம், ஒரே அகலம். மதிப்புக்கு ஏற்ப அளவும் நிறமும் மாறும் ரூபாய் நோட்டுகளை எண்ணைப் பார்க்காமலேயே எடுத்துக் கொடுத்துப் பழகியவர்களுக்கு, முதல் சில வாரங்களில் 1 டாலர் என்று நினைத்து 10 டாலரை நீட்டிவிடும் ஆபத்து உண்டு. 2003 முதல் 20 டாலரிலும், பின்னர் 5, 10, 50, 100 டாலர் நோட்டுகளிலும் மெல்லிய வண்ணங்கள் சேர்க்கப்பட்டன என்றாலும், அவற்றை நம்பாமல் மூலையில் உள்ள எண்ணைப் படித்துக் கொடுப்பதே நல்லது.

ஊரில் யாரோ கொடுத்த பழைய 100 டாலர் நோட்டு செல்லுமா என்பது அடிக்கடி எழும் கேள்வி. 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாமற்போனதைக் கண்டவர்களுக்கு இந்த அச்சம் இயல்பானதே. ஆனால் அமெரிக்க அரசு 1861 முதல் வெளியிட்ட நோட்டுகள் இன்றும் அவற்றில் அச்சிட்ட மதிப்புக்குச் செல்லும். 1996க்கு முன் வந்த, சிறிய உருவப்படம் கொண்ட 100 டாலர் நோட்டை வெளிநாட்டு நாணய மாற்றுக் கடைகள் சில வாங்க மறுக்கலாம். அது அந்தக் கடைகளின் தயக்கமே தவிர, நோட்டின் குறை அன்று. இங்கே அதை வங்கியில் செலுத்திவிடலாம்.

2 டாலர் நோட்டு கள்ளநோட்டு என்பதும் தவறு. 1976இல் மீண்டும் வெளியிடப்பட்ட அது அரிதாகவே கைமாறுவதால், சில காசாளர்களே அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். 500 முதல் 10,000 டாலர் வரையிலான பெரிய நோட்டுகள் கடைசியாக 1945இல் அச்சிடப்பட்டு, 1969இல் விநியோகத்திலிருந்து நிறுத்தப்பட்டன. அவையும் சட்டப்படி செல்லும். எனினும் சேகரிப்பாளர்கள் கூடுதல் விலை தருவதால் கடையில் மாற்றுவது நட்டமே.

செல்லுபடியாகும் நோட்டு என்பதாலேயே எல்லாக் கடைகளும் அதை வாங்கியாக வேண்டும் என்பதில்லை. தனியார் கடைகள் ரொக்கம் பெற்றே ஆக வேண்டும் என்று கூட்டாட்சிச் சட்டம் எதுவும் கட்டாயப்படுத்தவில்லை; மாசசூசெட்ஸ், நியூஜெர்சி போன்ற மாநிலங்கள்தாம் தனிச் சட்டம் வைத்துள்ளன. பெட்ரோல் நிலையங்களில் 20 டாலருக்கு மேற்பட்ட நோட்டுகளை வாங்குவதில்லை என்ற அறிவிப்பையும் காணலாம். ஆகவே, புறப்படுமுன் பணம் மாற்றும்போது 100 டாலர் நோட்டுகளாகவே வாங்காமல், பெரும்பகுதியை 20 டாலராகக் கேட்டு வாங்குங்கள்.

ரொக்கம் கொண்டுவர உச்சவரம்பு என்று அமெரிக்கா எதையும் விதிக்கவில்லை. 10,000 டாலரைத் தாண்டினால் சுங்கத்தில் அறிவிக்க வேண்டும், அவ்வளவுதான். குடும்பமாக வருபவர்கள் பணத்தை ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்து வைத்துக்கொண்டு இந்தக் கடமையிலிருந்து தப்ப முயலக் கூடாது. அறிவிக்காத பணம் பறிமுதல் செய்யப்படலாம்.