கார்டு மேல் பழி போடும் முன்: சர்வர் நெட்வொர்க்கில் செய்யக்கூடாத தவறுகள்

போன வாரம் பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் ஒரு டேட்டா சென்டர். புதிதாக வேலைக்குச் சேர்ந்த தம்பி ஒருவன் சர்வர் மூடியைக் கழற்றி, நெட்வொர்க் கார்டை உருவிக்கொண்டிருந்தான். "லிங்க் விட்டு விட்டு வருதுண்ணா, கார்டு போயிடுச்சு." கவுன்ட்டர் (கார்டின் பிழைக் கணக்கு) பார்த்தியா என்றேன். "ரீபூட் பண்ணிப் பார்த்துட்டேண்ணா." இதே பதிலை நானும் ஒரு காலத்தில் என் சீனியரிடம் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

கேபிள் சரியாகச் செருகியிருக்கிறதா என்கிற வகையறா எல்லாம் உங்களுக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

ரீபூட் செய்துவிட்டு யோசிப்பது

சாட்சியை நாமே அழிக்கிற வேலை இது. லினக்ஸின் எத்டூல் கட்டளையில் பெரிய எஸ் (-S) போட்டால், கார்டு எண்ணிவைத்திருக்கும் பிழைக் கணக்கு வரும். ரீபூட் ஆனதும் அது பூஜ்யம். அதனால் முதலில் அதை எடுத்து வையுங்கள், பத்து நிமிடம் கழித்து மறுபடி எடுங்கள். எந்த எண் ஏறுகிறது என்பதுதான் முக்கியம். சிஆர்சி (பாக்கெட் சிதையாமல் வந்ததா என்ற சரிபார்ப்பில் தோற்றவற்றின் எண்ணிக்கை) ஏறினால் டேட்டா பாக்கெட் வருகிற வழியில் சிதைகிறது: கேபிள், மாட்யூல், போர்ட் என்று தேடலாம். 'மிஸ்டு', 'நோ பஃபர்' ஏறினால் பாக்கெட் ஒழுங்காகத்தான் வந்திருக்கிறது, சர்வருக்குத்தான் அள்ளிப்போட நேரமில்லை. ரிங் பஃபர் (வந்த பாக்கெட் எடுக்கப்படும்வரை காத்திருக்கும் இடம்) அளவையும் சிபியூ சுமையையும் பாருங்கள். இதற்குப் போய் கார்டு மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள்.

எல்லாவற்றையும் ஒரே இரவில் மாற்றுவது

எழுதும்போதே எரிச்சல் வருகிறது, ஏனென்றால் செய்தது நான்.

ஒரு வாடிக்கையாளரின் டேட்டாபேஸ் சர்வர். 10 கிகாபிட் லிங்க்கில் சிஆர்சி ஏறிக்கொண்டே இருந்தது. சனிக்கிழமை ராத்திரி இரண்டு மணி நேரம்தான் சர்வரை நிறுத்த அனுமதி. அதில் பாதி நேரம் சில்க் போர்டு டிராஃபிக்கிலேயே போய்விட்டது. பதற்றத்தில் கார்டு, டிஏசி கேபிள் (இரு முனையிலும் மாட்யூல் பொருத்தியே வரும் செம்புக் கேபிள்), சுவிட்ச் போர்ட் மூன்றையும் ஒரே மூச்சில் மாற்றினேன். பிழை நின்றது. காலையில் ஃபில்டர் காபி குடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

பழைய கார்டில் 'பழுது' என்று எழுதிக் குப்பைக்கு அனுப்பினேன். கேபிள் பார்க்கப் புதுசு போல இருந்ததால் சுருட்டி ஸ்பேர் டிராயரில் போட்டேன். மூன்று மாதம் கழித்து வேறொரு ரேக்கில் அதே சிஆர்சி. கூட வேலை பார்த்தவர் கார்டை மாற்றினார், நிற்கவில்லை. ஒரு ராத்திரி முழுக்கத் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகுதான் கேபிளைக் கையில் எடுத்துப் பார்த்தோம். கனெக்டருக்கு ஒரு விரல்கடை தள்ளி, ரேக் கதவில் நசுங்கி மடிந்த தடம். பக்கத்திலேயே நான் அடையாளத்துக்கு ஒட்டிய மஞ்சள் டேப். நல்ல கார்டைத் தூக்கி எறிந்துவிட்டு, கெட்ட கேபிளை நானே பத்திரப்படுத்தியிருக்கிறேன்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். சந்தேகக் கேபிளை வேறு போர்ட்டில் போட்டால், பிழை அதனோடு போகிறதா, பழைய இடத்திலேயே நிற்கிறதா? சர்வரின் வாங்கும் பக்கத்தில் சிஆர்சி என்றால், அனுப்பும் முனையும் நடுவில் உள்ள கம்பியும்தான் முதல் சந்தேகம். இன்னொரு சிக்கலும் உண்டு. கட்-த்ரூ வகை சுவிட்ச், பாக்கெட் முழுதாக வந்து சரிபார்ப்பதற்குள்ளேயே அதை முன்னே தள்ளிவிடும். அதனால் எங்கோ இன்னொரு லிங்க்கில் சிதைந்தது உங்கள் சர்வர் கணக்கில் விழலாம். சுவிட்ச்சின் எல்லா போர்ட்டையும் ஒரு பார்வை பாருங்கள்.

அப்புறம், கெட்டது என்று தெரிந்த கேபிளைக் கட்டரால் இரண்டாக வெட்டிவிட்டுக் குப்பையில் போடுங்கள். டிராயர் பக்கமே போகக்கூடாது.

வேகத்தை நாமே பூட்டுவது

லிங்க் 100 மெகாபிட்டுக்கு இறங்கினால், சரி, இருக்கட்டும் என்று அங்கேயே பூட்டிவிடுவார்கள். செம்புக் கேபிளில் 1 கிகாபிட்டுக்கு நான்கு ஜோடிக் கம்பியும் வேண்டும், 100க்கு இரண்டே போதும். அதாவது ஒரு ஜோடி எங்கோ அறுந்திருக்க வாய்ப்பு அதிகம். ஒரு பக்கம் மட்டும் 100 ஃபுல் டூப்ளெக்ஸ் (ஒரே நேரத்தில் அனுப்பவும் வாங்கவும் முடிவது) என்று பூட்டினால் எதிர்ப்பக்கம் ஹாஃப் டூப்ளெக்ஸில் (ஒரு நேரத்தில் ஒன்றுதான்) போய் உட்காரும். பிங் அழகாக வரும், பெரிய ஃபைலை நகலெடுத்தால் ஆமை வேகம்.

டிரைவரை மட்டும் ஏற்றுவது

கார்டுக்குள்ளேயே இருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரையும் கூடவே ஏற்றுங்கள். எத்டூலில் சின்ன ஐ (-i) போட்டால் இரண்டின் பதிப்பும் தெரியும்.

பாண்டிங் இருக்கிறதே என்று தூங்குவது

ஒரு லிங்க் போனால் இன்னொன்று தாங்கட்டும் என்று இரண்டைச் சேர்த்துக் கட்டுவதுதான் பாண்டிங். பார்த்தால் இரண்டு போர்ட்டும் ஒரே கார்டில், கார்டு போனால் இரண்டும் போச்சு. சொல்ல ஒன்றுமில்லை.

ஃபைபர் முனையைச் சட்டையில் துடைப்பது

அந்தத் தம்பிதான், அதே நாளில். சிங்கிள் மோடு ஃபைபரில் ஒளி போகும் நடுப்பகுதி சுமார் 9 மைக்ரான். சட்டையிலிருந்து உதிரும் ஒரு பஞ்சு இழை அதைவிடத் தடிமன்.