ஒரு பருவத்துக்கு ஓர் ஓவியர்

ஓவிய வகுப்பில் "உங்களுக்குப் பிடித்ததை வரையுங்கள்" என்று சொன்னால், நாற்பது தாள்களில் பெரும்பாலானவற்றில் இரண்டு மலைகளும் அவற்றின் நடுவே உதிக்கும் சூரியனும் ஒரு குடிசையும் ஒரு தென்னையும் இருக்கும். நான் பணியாற்றும் பள்ளி, கண்ணுக்கெட்டிய தூரம்வரை மலையே இல்லாத காவிரிப் படுகையில் இருக்கிறது. இங்கும் அதே மலைகள்தாம். இதைப் பல ஆண்டுகள் பிள்ளைகளின் குறையாகவே எண்ணியிருந்தேன். கரும்பலகையில் மாதிரிக்காக நான் வரைந்த படத்தை ஒருநாள் வகுப்பின் கடைசி வரிசையிலிருந்து பார்த்தபோது, அதிலும் அந்த மலையும் தென்னையும் நின்றிருந்தன. ஓயாமல் கற்பிப்பவரின் கை, தனக்குப் பழகிய வடிவங்களிலேயே தங்கிவிடுகிறது. அவரிடமிருந்து வகுப்புக்கும் அதுவே போய்ச் சேருகிறது. ஆகவே சமகால ஓவியர்களைத் தேடிப் பார்ப்பது, மாணவர்களுக்கு முன்பு ஆசிரியருக்கே தேவைப்படும் வேலையாகும்.

தேடத் தொடங்கும்போது பலரும் செய்யும் பிழை, கைப்பேசியில் நூறு ஓவியர்களின் படங்களைச் சேமித்து வைத்துக்கொள்வது. அவ்வளவு படங்களைப் பார்த்த கண் சோர்ந்துவிடும். கை எதையும் தொடங்காது. ஒரு பருவத்துக்கு ஓர் ஓவியர் போதும். உங்களால் செய்ய முடியாத ஒன்றை எளிதாகச் செய்பவராக அவரைத் தேர்ந்துகொள்ளுங்கள். அவருடைய படங்களில் ஐந்தாறை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றின் முன்பும் பத்து நிமிடமாவது உட்கார்ந்து, இவர் எதை வரையாமல் விட்டார், எந்த இடத்தில் கை நிதானமாகச் சென்றிருக்கிறது, எந்த முடிவை எடுத்த பிறகு இந்தப் படம் இப்படி அமைந்தது என்ற கேள்விகளுக்கான விடைகளைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். வகுப்புக்குக் கொண்டு போகவேண்டியது அந்த முடிவைத்தான். படத்தின் தோற்றத்தைக் கொண்டுபோனால் நாற்பது நகல்கள்தாம் கிடைக்கும்.

நான் முதலில் எடுத்துக்கொண்டவர், மத்தியப் பிரதேசத்தின் பாட்டன்கர் கிராமத்தைச் சேர்ந்த கோண்டு பழங்குடி ஓவியர் பஜ்ஜு ஷ்யாம். போபாலில் இரவுக் காவலாளியாக இருந்தவர். தம் உறவினரான ஜன்கர் சிங் ஷ்யாமின் பெரிய ஓவியங்களுக்குள் நுண்கோடுகளை நிரப்பும் உதவியாளராகத் தொழில் கற்றவர். 2002இல் ஓர் இந்திய உணவகத்தின் சுவரில் ஓவியம் தீட்டுவதற்காக லண்டன் சென்று இரண்டு மாதம் தங்கினார். அந்த அனுபவத்தை அவர் வரைந்த நூலைச் சென்னையின் தாரா பதிப்பகம் 2004இல் வெளியிட்டது. அதில் பிக் பென் மணிக்கூண்டும் சேவலும் ஒன்றாகிவிடுகின்றன. கோண்டு மரபில் நேரத்தை அறிவிப்பது சேவல் அல்லவா? நம்பி ஏறத்தக்க 30ஆம் எண் பேருந்து, விசுவாசமான நாயாகிறது. சுரங்க ரயில், பாதாள உலகை ஆளும் மண்புழுவாகிறது. புதிய ஊரைத் தன் ஊரின் கதைகளைக் கொண்டே புரிந்துகொள்வது என்பதுதான் அவர் எடுத்த முடிவு.

இதை வகுப்பில் செய்யும்போது முதல் பாடவேளையில் யாரும் வரையக் கூடாது. "முதன்முதலில் பார்த்தபோது உன்னைப் பயமுறுத்திய அல்லது வியக்க வைத்த பொருள் எது? அது எந்த உயிரைப் போல நடந்துகொள்கிறது?" என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள். 'போல இருக்கிறது' என்று கேட்டால் வடிவ ஒற்றுமையோடு பிள்ளைகள் நின்றுவிடுவார்கள். 'போல நடந்துகொள்கிறது' என்று கேட்கும்போதுதான் யோசிக்கத் தொடங்குவார்கள். என் வகுப்பு மாணவி ஒருத்தி, கதிர் அறுக்கும் இயந்திரத்தை முதலில் வெட்டுக்கிளி என்று எழுதினாள். அது என்ன செய்கிறது என்று கேட்டதும் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ராத்திரியில் வந்து கதிரையெல்லாம் வெட்டிக்கொண்டு போய்விடுகிறது, சார், அது வயல் எலி" என்றாள். விளக்குகளே கண்களாக எரியும் பெரிய எலியும், அதன் பின்னால் சிதறிய வைக்கோலும், ஓரத்தில் அரிவாளுடன் நிற்கும் அவளுடைய ஆத்தாவும் அவள் படத்தில் இருந்தார்கள். அதைப் பார்த்த அன்று மாலை வீட்டுக்குச் சென்று, பல மாதங்களுக்குப் பிறகு எனக்காக ஒரு படம் வரைந்தேன்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். கோண்டு ஓவியங்களில் உருவங்களை நிரப்பும் புள்ளியும் கோடும் பொதுச் சொத்தான அலங்காரம் அல்ல. ஒவ்வோர் ஓவியரும் தமக்கென்று ஒரு நிரப்பு வடிவத்தைக் கையொப்பம்போல வைத்திருக்கிறார். அதைப் பிள்ளைகளைக் கொண்டு அப்படியே போடச்செய்து 'கோண்டு பாணி' என்று சுவரில் ஒட்டுவதை நான் ஏற்பதில்லை. மாறாக, பாயின் பின்னல், புளியிலையின் அடுக்கு, நெல்மணி, கோலப்புள்ளி என்று தம்மைச் சுற்றியுள்ளவற்றிலிருந்து ஆளுக்கொரு நிரப்பு வடிவத்தை உருவாக்கச் சொல்லுங்கள். அதை ஆண்டு முழுவதும் அவர்களே பயன்படுத்தட்டும். பெயர் எழுதாத தாளையும் யாருடையது என்று வகுப்பே அடையாளம் சொல்லிவிடும்.

அதே மரபைச் சேர்ந்த துர்காபாய் வியாமும் சுபாஷ் வியாமும் அம்பேத்கரின் வாழ்க்கையைச் சித்திரக் கதையாக வரைந்தது, 2011இல் நூலாக வெளிவந்தது. அதில் இதமாகப் பேசுவோரின் சொற்கள் பறவை வடிவக் குமிழுக்குள்ளும், புண்படுத்துவோரின் சொற்கள் தேள்கொடுக்கு உள்ள குமிழுக்குள்ளும் அமைந்திருக்கின்றன. அப்படிப்பட்ட ஒரு பக்கத்தைக் காட்டிவிட்டு, பேருந்து நடத்துநரின் குரல், அம்மா எழுப்பும் குரல், பெயரைச் சொல்லாமல் பட்டப்பெயரால் கூப்பிடும் குரல் ஆகியவற்றுக்குக் குமிழ் வரையச் சொல்லுங்கள். கடைசியாகச் சொன்னதை வரையும்போது வகுப்பு அமைதியாகிவிடும். அந்த அமைதியைக் கலைக்காதீர்கள்.

கோடு வரைவதைக் கற்பிக்க என் தேர்வு, ஓவியர் கே. எம். ஆதிமூலம் (1938–2008). 1969இல் வந்த காந்தி நூற்றாண்டையொட்டி அவர் காந்தியைக் கறுப்பு மையில் திரும்பத் திரும்ப வரைந்தார், பின்னாளில் கி. ராஜநாராயணனின் கரிசல் எழுத்துக்கு அவர் தந்த கோடுகளையும் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஒரே மனிதரை விடாமல் வரைவது என்னும் அந்த முடிவை வகுப்புக்கு மாற்றுவது எளிது. மூங்கில் குச்சியை எழுதுகோலாகச் சீவி, மையில் தோய்த்து, எதிரே அமர்ந்த ஒருவரைப் பத்து நிமிடம், இரண்டு நிமிடம், அரை நிமிடம் என்று மூன்று முறை வரையச் செய்யுங்கள். அழிப்பானைப் பைக்குள் வைத்துவிட வேண்டும். அரை நிமிடப் படத்தில்தான் பெரும்பாலும் உயிர் இருக்கும். ஆனால் முதல் பத்து நிமிடம் இல்லாமல் அது வராது என்பதையும் எடுத்துச் சொல்லுங்கள்.

ஒளியைக் கற்பிக்க, கும்பகோணம் பக்கத்துச் செம்பியவரம்பலில் பிறந்து 2021இல் மறைந்த எஸ். இளையராஜாவின் ஓவியங்களைக் காட்டலாம். வகுப்பறையின் குழல்விளக்குகளை அணைத்து, ஒரே ஒரு சன்னலை மட்டும் திறந்துவைத்து, அதனருகே ஒரு பித்தளைக் குடத்தையோ அமர்ந்திருக்கும் தோழியையோ வரைந்தால், நிழலுக்குக் கறுப்பைப் பூசும் பழக்கம் தானாகவே குறையும்.

கைப்பேசியில் எல்லாப் படங்களும் உள்ளங்கை அளவாகிவிடுகின்றன என்பதால், ஒரு படத்தைக் காட்டுமுன் அதன் உண்மையான அளவைத் தேடிக் கண்டுபிடித்து, தரையில் சாக்கட்டியால் அந்த அளவுக்கு ஒரு செவ்வகம் போடுங்கள். அதைச் சுற்றி நடந்து பார்க்கும் பிள்ளைக்கு, ஓவியரின் தோளும் முதுகும் செய்த வேலை புரியும். சென்னைக்குச் சுற்றுலா போகும் வாய்ப்பு அமைந்தால், 1966இல் ஓவியர்களே சேர்ந்து உருவாக்கிய சோழமண்டலக் கலைஞர் கிராமத்துக்கு அரைநாளாவது ஒதுக்குங்கள். மூலப்படத்தில் தெரியும் தூரிகைத் தடம் எந்தத் திரையிலும் தெரிவதில்லை.

பயிற்சிக்காக ஒருவரைப் பார்த்து வரைந்த தாளின் பின்புறம், "இன்னாரைப் பார்த்து வரைந்தது" என்று தேதியுடன் எழுதவைப்பதைத் தொடக்கத்திலேயே பழக்கப்படுத்துங்கள். அத்தகைய தாள்களைப் போட்டிகளுக்கு அனுப்பக் கூடாது. பருவ முடிவில் சுவரில் ஒட்டும்போது, ஆசிரியரின் முயற்சிகளும் மாணவர்களின் முயற்சிகளும் வரிசை பிரிக்காமல், தேறாதவற்றோடு சேர்த்தே இருக்கட்டும். அடுத்த பருவத்துக்கான ஓவியரை நான் தேர்ந்தெடுப்பது அந்தச் சுவரின் முன்பு நின்றுதான்: எல்லாத் தாள்களிலும், என்னுடையதிலும், எது இன்னும் வரவில்லையோ அதைக் கையாளத் தெரிந்தவரை.