திரையில் ஆடும் லைட் சுவரில் ஏன் தடுமாறுகிறது? இலவச மென்பொருளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நத்தாருக்கோ வெசாக்குக்கோ தீபாவளிக்கோ வீட்டு முகப்பில் பாட்டுக்கேற்ப லைட் ஆட வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் இப்போது மென்பொருளுக்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை. எக்ஸ்லைட்ஸ் என்ற மென்பொருள் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். விக்ஸன் என்பது விண்டோஸில் மட்டும். இரண்டும் இலவசம். கொழும்பின் வெசாக் தோரணங்களில் மர உருளையில் செப்புத் தகடு அடித்து, அதை மோட்டாரால் சுழலவிட்டு, மின்குமிழ் வரிசைகளை மாறி மாறி எரிய வைப்பார்கள். அந்த உருளையின் வேலையை இன்று ஒரு லப்டொப் செய்கிறது, அதுவும் ஒவ்வொரு குமிழுக்கும் தனித்தனி நிறம் கொடுத்து.

ஆனால் உருளையில் எந்த வயர் எங்கே போகிறது என்பதைக் கண்ணால் பார்க்கலாம். மென்பொருளுக்கு அதை நாம்தான் சொல்ல வேண்டும். பிழையாகச் சொன்னால் அப்படியே நம்பிவிடும். திரையில் எல்லாம் அழகாக ஓடும், சுவரில் குழப்பம். பெரும்பாலான தவறுகள் இந்த இடத்தில்தான் பிறக்கின்றன.

பாட்டிலிருந்து தொடங்குவது

ஆர்வக்கோளாறில் எல்லோரும் முதலில் செய்வது இதைத்தான். பாட்டைத் தெரிவுசெய்து, இரவிரவாக எஃபெக்ட் (லைட் ஆடும் விதங்கள்) போட்டு முடித்த பிறகுதான் ஏணியோடு வெளியே போவார்கள். அங்கே பார்த்தால் வளைவில் 50 குமிழ் என்று திரையில் வரைந்த இடத்தில் 43தான் கொள்ளும். மென்பொருளில் இடமிருந்து வலம் போகும் மாலை, பிளக் இருக்கும் பக்கம் காரணமாக வலமிருந்து இடம் போகும். முதலில் சுவரை அளந்து, மாலை எந்த மூலையில் தொடங்கி எங்கே முடிகிறது என்று ஒரு தாளில் கீறுங்கள். பிறகு அதே வரிசையில் மென்பொருளில் மொடல்களை (மாலை, வளைவு போன்றவற்றின் திரை வடிவங்களை) அமைத்து, ஒவ்வொன்றுக்கும் கடைசி வரை மாற்றாத பெயர் வையுங்கள். பாதியில் பெயரை மாற்றினால், பாட்டுக்கு லைட் அடுக்கிய கோப்பான பழைய சீக்வென்ஸைத் திறக்கும்போது அந்த மொடல் எங்கே போனது என்று எக்ஸ்லைட்ஸ் கேட்கக்கூடும்.

எஃபெக்டையும் எடுத்த எடுப்பில் ஒவ்வொரு மொடலிலும் போடாதீர்கள். முழு வீட்டுக்கும் ஒரு குரூப், ஜன்னல்களுக்கு ஒன்று, கூரை விளிம்புக்கு ஒன்று என்று பிரித்துக்கொண்டால் பாதி வேலை குரூப் மட்டத்திலேயே முடிந்துவிடும்.

கொன்ட்ரோலரை அப்படியே விட்டுவிடுவது

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் குமிழ்களுக்குக் கட்டளை அனுப்பும் கொன்ட்ரோலராக ஒரு ஈ.எஸ்.பி.32 என்ற சிறு போர்டும், ஒவ்வொரு குமிழையும் தனியாக இயக்கக்கூடிய டபிள்யூ.எஸ்.2811 மாலையும் வாங்கி வந்து, போர்டை இயக்கும் டபிள்யூ.எல்.ஈ.டி. என்ற இலவச ஃபேர்ம்வெயாரைப் போடுவதுதான் மலிவான வழி. நல்ல வழியும்கூட. ஆனால் அது முதலில் வரும்போது உங்களிடம் 30 குமிழ்தான் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருக்கும். 31ஆவது எரியவில்லையென்றால் மாலையைக் குறை சொல்லாமல் எண்ணிக்கையை மாற்றுங்கள். அதிலேயே மின்னோட்டத்துக்கும் 850 மில்லி அம்பியர் என்ற எல்லை வைக்கப்பட்டிருக்கும். அதைக் கவனிக்காமல் நூறு குமிழுக்கு வெள்ளை கொடுத்தால் எல்லாம் மங்கலாக எரியும். அதைத் திருத்துவதாக நினைத்து சீக்வென்ஸில் பிரகாசத்தை ஏற்றிக்கொண்டே போகிறவர்கள் உண்டு. எவ்வளவு ஏற்றினாலும் பலன் வராது.

நிறக் குழப்பமும் இப்படித்தான். சிவப்புக் கேட்டால் பச்சை எரிகிறது என்றால் நிற வரிசை மாறியிருக்கிறது. அதை மென்பொருளில் திருத்துங்கள், அல்லது கொன்ட்ரோலரில் திருத்துங்கள். இரண்டு இடத்திலும் திருத்தினால் பழைய பிழையே திரும்பி வரும்.

இன்னொன்று 170ஆவது குமிழுக்குப் பிறகு தலைகாட்டும். கொன்ட்ரோலருக்குச் செய்தி அனுப்பும் ஈ1.31 முறையில், யூனிவர்ஸ் என்ற ஒரு கட்டில் 512 சனல். ஒரு குமிழுக்குச் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சனல். 170 குமிழுக்கு 510 போய்விட்டால் மிச்சம் இரண்டுதான். மென்பொருள், கொன்ட்ரோலர் இரண்டில் ஒரு பக்கம் 512 என்றும் மறுபக்கம் 510 என்றும் வைத்திருந்தால், 171இலிருந்து எல்லா நிறமும் இடம் மாறி விழும். இரண்டு பக்கமும் 510 வையுங்கள். இல்லாவிட்டால் யூனிவர்ஸ் கணக்கே இல்லாத டி.டி.பி. முறைக்கு மாறிவிடுங்கள். டபிள்யூ.எல்.ஈ.டி. அதையும் ஏற்கும், தலையிடியும் குறையும்.

வேகத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. இந்த வகைக் குமிழ் ஒன்றுக்குச் செய்தி போக 30 மைக்ரோ செக்கன் பிடிக்கும். 25 மில்லி செக்கனுக்கு ஒரு சட்டகம் (எல்லாக் குமிழுக்கும் ஒரு தடவை போகும் நிறத் தொகுப்பு) என்று அமைத்தால், மாலையைக் கொளுவும் ஒரு போர்ட்டில் ஏறக்குறைய 800 குமிழ்தான் கடைசி எல்லை. வீட்டு வேலைக்கு 50 மில்லி செக்கன் தாராளம்.

தாளத்தை மென்பொருளிடம் ஒப்படைப்பது

தானாகத் தாளம் கண்டுபிடிக்கும் வசதி எக்ஸ்லைட்ஸில் இருக்கிறது. ஒரு சுற்றுக்கு நான்கு அடி என்று வைத்துக்கொண்டுதான் அது தொடங்கும். மேற்கத்தேய நத்தார்ப் பாட்டுகளுக்கு அது பெரும்பாலும் பொருந்தும். பைலாவின் ஆறெட்டு நடைக்கோ, மிஸ்ரசாபில் போகும் பக்திப் பாட்டுக்கோ அதே அமைப்பில் விட்டால் சுற்றின் முதல் அடி என்று அது காட்டும் இடம் நகர்ந்துகொண்டே போகும்; தவில் விழும் இடத்தில் லைட் விழாது. ஒரு சுற்றுக்கு எத்தனை அடி என்பதை மாற்றிப் பாருங்கள். அதுவும் சரிவரவில்லையென்றால் பாட்டை ஓடவிட்டு ‘டி’ விசையைத் தட்டி நீங்களே குறி வையுங்கள். கச்சேரியில் கைத்தாளம் போட்டுப் பழகினவர்களுக்கு இது பத்து நிமிட வேலை.

பாட்டுக்கேற்ப வாயசைக்கும் லைட் முகம் வைக்கிறவர்கள் கவனிக்க: எக்ஸ்லைட்ஸின் வாயசைவு அகராதி ஆங்கிலச் சொற்களுக்கானது. “முருகா” என்று எழுதிக் கொடுத்தால் அதற்குத் தெரியாது. அசைவுகளைக் கையால்தான் போட வேண்டும். அது நினைப்பதைவிடச் சுலபம். ப, ம வரும் இடத்தில் உதடு மூடிய முகம். ஆ, ஐ வந்தால் அகலத் திறந்த முகம். ஓ வந்தால் வட்டம். மெய்யெழுத்துகளை எல்லாம் காட்ட முயலாதீர்கள். வீதியில் நின்று பார்க்கிற சனத்துக்கு உயிரோசை சரியாக விழுந்தால் போதும்.

எம்பி3 கோப்பு மாறாத பிட்ரேட்டில் (செக்கனுக்கு இவ்வளவு தரவு என்ற அளவில்) இருக்கட்டும். மாறும் பிட்ரேட் கோப்பில் பாட்டின் நேரக் கணக்குப் பிசகக்கூடும். எக்ஸ்லைட்ஸும் அதை எச்சரிக்கும். அதைவிட அதிகம் பேர் மாட்டிக்கொள்வது புளூடூத் ஸ்பீக்கரில். பாட்டு அதன் வழியாகப் போகும்போது ஒரு செக்கனில் பத்தில் ஒன்று, இரண்டு பங்கு பிந்திவிடும். மெதுவான பாட்டில் தெரியாது, பறை அடிக்கும்போது அப்பட்டமாகத் தெரியும். வயர் வழியாகக் கொடுங்கள்.

வைஃபையை நம்புவது

வெள்ளவத்தை ஃபிளட் ஒன்றில் போனைத் திறந்து பாருங்கள், அயல்வீட்டு வைஃபைப் பெயர்கள் திரை நிறைய வரும். ஈ.எஸ்.பி. போர்டுகளில் அதிகம் புழங்குபவை 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும்தான் பேசும். அந்த நெரிசலில் ஒவ்வொரு சட்டகத்தையும் லப்டொப்பிலிருந்து காற்றில் அனுப்பினால் லைட் விக்கும். முடிந்தால் லப்டொப்பிலிருந்தே கொன்ட்ரோலருக்கு ஈதர்நெட் கேபிள். இல்லாவிட்டால் ராஸ்பெரி பை என்ற சிறு கணினியில் ஃபல்கன் பிளேயர் என்ற இலவச மென்பொருளைப் போட்டு, ரெண்டர் செய்த கோப்பை (எல்லாச் சட்டகங்களையும் முன்கூட்டியே கணக்கிட்டு எழுதியதை) அதற்குள்ளேயே வைத்து, அங்கிருந்து கொன்ட்ரோலருக்குக் கேபிள் கொடுங்கள். லப்டொப் தூங்கிப்போனாலும் ஷோ நிற்காது.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. அமைப்பில் ஒரு மொடலை நகர்த்தினாலோ சேர்த்தாலோ சனல் எண்கள் மாறலாம். பழைய கோப்புகள் பழைய எண்களோடுதான் இருக்கும். எல்லாச் சீக்வென்ஸையும் மறுபடி ரெண்டர் செய்து ஏற்ற வேண்டும். “நேற்று நல்லா ஓடினது, இண்டைக்குக் குழம்பிட்டுது” என்பவர்களில் பலர் இதைத்தான் மறந்திருப்பார்கள். ஷோ போல்டர் முழுவதையும் யூ.எஸ்.பி.யில் பிரதி எடுங்கள். சீக்வென்ஸ் கோப்பை மட்டும் காப்பாற்றி அமைப்புக் கோப்பை இழந்தால் ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

கரண்ட்

5 வோல்ட் குமிழ் ஒன்று முழு வெள்ளையில் 60 மில்லி அம்பியர் வரை இழுக்கும். நூறு குமிழுக்கு 6 அம்பியர். ஒரு முனையில் மட்டும் கரண்ட் கொடுத்தால் மறுமுனை வெள்ளை மஞ்சளாகி, பிறகு செம்மையாகும். எஃபெக்டை மாற்றி இதைத் திருத்த முடியாது. இடையிலும் முடிவிலும் தனி வயர் கொடுக்க வேண்டும். இரண்டு பவர் சப்ளை இருந்தால் கிரவுண்டுகளைச் சேருங்கள், 5 வோல்ட் வயர்களைச் சேர்க்காதீர்கள். இரவில் 30 வீதப் பிரகாசமே கண்ணுக்குப் போதும், சப்ளைக்கும் சுமை குறையும்.

வலைத்தகடு போட்ட பவர் சப்ளைகள் மழைக்கு உகந்தவை அல்ல. வெசாக் வரும் மே மாதத்தில் தென்மேல் பருவமழை தொடங்கும். தீபாவளிக் காலத்தில் பின்னேர இடிமழை. சப்ளையை மூடிய பெட்டிக்குள் வைத்து வயரைக் கீழ்ப்பக்கத்தால் எடுங்கள். 230 வோல்ட் பக்கம் ட்ரிப் சுவிட்ச் இல்லாத இணைப்பில் எதையும் கொளுவ வேண்டாம். தெரியாவிட்டால் மின்னியலாளரைக் கூப்பிடுங்கள். இந்த ஒரு இடத்தில் மிச்சம் பிடிப்பது புத்திசாலித்தனம் இல்லை.

வீதியை மறப்பது

செக்கனுக்கு மூன்று தடவைக்கு மேல் முழு வீடும் பளிச்சிட்டால் மின்னும் ஒளியால் வலிப்பு வரக்கூடியவர்களுக்கு ஆபத்து. வேகம் வேண்டுமானால் சிறு பகுதியில் வையுங்கள்.

இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி தரக்கூடாது என்று இலங்கையின் உயர் நீதிமன்றம் 2007இல் பொதுவாக உத்தரவிட்டது. ஃபல்கன் பிளேயரின் அட்டவணையில் முடிவு நேரத்தை 10.00 என்று போட்டு, நிறுத்தும் முறையை மென்மையாக நிறுத்து என்று விட்டால், ஓடிக்கொண்டிருக்கும் பாட்டு முடிந்த பிறகுதான் நிற்கும். 9.50 என்று போடுங்கள். அதற்குப் பிறகும் லைட் வேண்டுமானால் பாட்டில்லாத, மெதுவாக நிறம் மாறும் சீக்வென்ஸ் ஒன்றைத் தனியாகச் செய்து அடுத்த வரியில் சேர்த்துவிடலாம்.