முன்னாள் படைவீரர்களே, முதலில் வயதைக் கழித்துப் பாருங்கள்

மத்திய அரசின் குரூப் சி (எழுத்தர் போன்ற நிலை) வேலை அறிவிப்பில் வயது வரம்பு 27 என்று பார்த்ததும் விட்டுவிடாதீர்கள், உங்கள் வயதிலிருந்து படையில் இருந்த ஆண்டுகளைக் கழியுங்கள், வருகிற எண் வரம்பை 3 ஆண்டுக்கு மேல் தாண்டாவிட்டால் விண்ணப்பிக்கலாம். 36 வயதில், 17 ஆண்டு சேவை முடித்து வரும் ஹவில்தாருக்கு அந்தக் கணக்கில் வயது 19தான்! நாட்டுக்குக் கொடுத்த இளமை வேலை தேடும்போது நஷ்டமாகக் கூடாது என்றுதான் இந்த விதி. அப்புறம், பத்தாவது தேறி 15 ஆண்டு சேவையும் இருந்தால், தொழில்நுட்ப அல்லது தொழில்முறை வேலை அனுபவம் கட்டாயம் என்று கேட்காத குரூப் சி பணிகளில், முன்னாள் படைவீரர்களுக்கு ஒதுக்கிய இடங்களுக்குப் பட்டம் கேட்டாலும் தகுதி உண்டு, இது தெரியாமலே எத்தனையோ பேர் வாட்ச்மேன் வேலையோடு நின்றுவிடுகிறார்கள். பென்ஷன் இல்லாமல் சொந்த விருப்பத்தில் விலகியவர்களுக்கு இந்த இரண்டு சலுகையும் கிடையாது. மனைவி விண்ணப்பித்தால், அவர் வயதிலிருந்து இப்படிக் கழிக்க முடியாது.