காசு கேட்கிற ஆய்வுக் கட்டுரையை எடுப்பது எப்படி?

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகமான கோணேசபுரி வளாகத்தில் படிக்கிற பலர் கட்டுரையைக் கூகுளில் தேடி, டொலரில் காசு கேட்கிற பக்கம் வந்ததும் அத்தோடு விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள், வழி இருக்கிறது.

முதலில் உங்கள் நூலகத்தின் இணையப் பக்கத்தில் மின்வளப் பட்டியலை, அதாவது நூலகம் வழியாக இணையத்தில் வாசிக்கக்கூடிய இதழ்கள், தரவுத்தளங்களின் பட்டியலைப் பாருங்கள். சந்தா கட்டிய தரவுத்தளங்கள் பெரும்பாலும் வளாக இணைய இணைப்பை வைத்துத்தான் உங்களை அடையாளம் காணும், அதனால்தான் மூதூரில் வீட்டிலிருந்து திறந்தால் அதே கட்டுரை பூட்டிக் கிடக்கிறது. வெளியிலிருந்து நுழைய வழி இருக்கிறதா என்று நூலகரிடம் கேளுங்கள், இல்லையென்றால் வளாகத்தில் இருக்கும்போதே பிடிஎஃப்பை இறக்கிவிடுங்கள்.

சரி, சந்தாவே இல்லையா? ஆய்வுக் கட்டுரைகளை மட்டும் தேடும் கூகுள் ஸ்கொலரில் தலைப்பை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடி, அதன் கீழுள்ள 'எல்லாப் பதிப்புகளும்' இணைப்பை அழுத்துங்கள். கட்டுரையை எழுதியவரே தன் பல்கலைக்கழகத்தின் இணையக் களஞ்சியத்தில் போட்ட பிரதி பல தடவை அங்கே அகப்படும். ஆய்விதழ்களின் எண்ணிம நூலகமான ஜேஸ்டோரில் (JSTOR) இலவசக் கணக்குத் திறந்தால் மாதம் 100 கட்டுரை வரை இணையத்தில் வாசிக்கலாம்.

இலங்கை ஆய்விதழ்களுக்கு ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன் என்ற இணையதளம் இருக்கிறது. திருகோணமலை பற்றிய பழைய தமிழ் நூல், இதழ், சிறப்பு மலர் என்றால் 2005இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகத்துக்குப் போங்கள். அதைப் பார்க்காமல் உள்ளூர் வரலாறு பற்றி ஆய்வேடு எழுதவே கூடாது என்பேன்.

எதுவும் சரிவரவில்லையா, கட்டுரையை எழுதியவருக்கே மின்னஞ்சல் போடுங்கள். நீங்கள் யார், எந்தக் கட்டுரை, எதற்கு என்று இரண்டு மூன்று வரி போதும், பலர் சந்தோஷமாக அனுப்பிவைப்பார்கள்.